இப்போது என்ன படிக்கிறீர்கள்?

பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு – இறைவார்த்தை ஞாயிறு
நெகேமியா 8:2-4, 5-6, 8-10. 1 கொரிந்தியர் 12:12-30. லூக்கா 1:1-4, 4:14-21

மறையுரை: சேத்தியாத்தோப்புப் பங்கு

இன்றைய நற்செய்தியில் புத்தகம் மூன்று முறை கைமாறுகிறது. லூக்கா தாம் எழுதியதைத் தெயோபில் என்ற ஒருவருக்கென்று தருகிறார். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எசாயாவின் ஏட்டை எடுத்து இயேசுவின் கையில் கொடுக்கிறார்கள். அவர் வாசித்து முடித்ததும் அதைச் சுருட்டி, அங்கிருந்த ஏவலரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்காருகிறார். அந்த ஏவலர் யார், எந்த வீட்டுப் பிள்ளை, நமக்குத் தெரியாது. ஏடுகளைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்கிற நேரத்தில் எடுத்துத் தருவது அவர் வேலை. அந்தச் சின்ன வேலை நடந்ததால்தான் அன்று அந்த ஊர் ஆண்டவருடைய வாயால் நற்செய்தியைக் கேட்டது.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், விவிலியத்தை இலத்தீனில் தந்த புனித எரோணிமுவின் திருநாளில், திருத்தந்தை பிரான்சிஸ் பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிற்றை இறைவார்த்தை ஞாயிறாக அறிவித்தார். ஆகவே, 'தினமும் பைபிள் வாசியுங்கள்' என்று ஃபாதர் சொல்லப்போகிறார், சொல்லி முடித்துவிடுவார் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். வாசிக்கத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் இன்று நான் ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வீட்டில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற அன்பியத்தில், வேலைக்குப் போகிற பேருந்தில் நாம் ஒருவரை ஒருவர் கேட்க மறந்துவிட்ட கேள்வி அது: "இப்போ என்ன படிச்சிட்டு இருக்கீங்க? நல்லா இருக்கா?"

இதற்கும் பூசைக்கும் என்ன சம்பந்தம்? முதல் வாசகத்துக்குப் போவோம்.

பாபிலோனில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள் சொந்த ஊர் திரும்பிவிட்டார்கள். இடிந்த மதிலைக் கட்டி முடித்துவிட்டார்கள். அடுத்து அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? புத்தகம். தண்ணீர் வாயிலுக்கு எதிரே இருந்த திடலில் கூடி, திருச்சட்ட நூலை எடுத்து வாருங்கள் என்று குரு எஸ்ராவிடம் கேட்கிறார்கள். இதற்கென்றே மரத்தால் ஒரு மேடை செய்கிறார்கள். ஆண்கள், பெண்கள், கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய பிள்ளைகள் எல்லாரும் நிற்கிறார்கள். விடியற்காலையில் தொடங்கிய வாசிப்பு நண்பகல் வரை போகிறது. லேவியர்கள் மக்கள் நடுவே நின்று பொருள் விளக்குகிறார்கள். கேட்கக் கேட்க மக்கள் அழுகிறார்கள்.

அப்போது தலைவர்கள் சொல்வதைக் கவனியுங்கள். அழாதீர்கள், போய் நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள், இனிப்பானதைக் குடியுங்கள், எதுவும் ஆக்கி வைக்காதவர்களுக்கும் கொடுத்தனுப்புங்கள் என்கிறார்கள். வாசிப்பு அங்கேதான் முடிகிறது. நூலைக் கேட்டு மனம் நிறைந்தவர்கள், இல்லாதவர் வீட்டுக்குப் பங்கு அனுப்பவேண்டும். பொங்கலன்று நாம் பக்கத்து வீட்டுக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினோமே, அதைப்போலத்தான் படித்ததையும் கொடுத்தனுப்பவேண்டும். ஒரு நல்ல கதை, ஒரு நல்ல செய்தி நம் மனத்தைத் தொட்டபின் அதை வாய் திறந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தால், நாம் பாதிதான் படித்திருக்கிறோம்.

இப்படிப் படித்ததைக் கொடுத்தனுப்பிய ஒருவரின் கைவண்ணத்தைப் பார்க்க நாம் எருசலேம் வரை போகவேண்டாம். விருத்தாசலம் தாண்டினால் கோணாங்குப்பம். நம்மில் பலர் தை மாதத் திருவிழாவுக்குப் போய், சேலை கட்டிய பெரியநாயகி அன்னையைக் கும்பிட்டு வருகிறோம். அந்தக் கோயில் வீரமாமுனிவரின் பெயரோடு பிரியாமல் இருக்கிறது. 1680இல் இத்தாலியில் பிறந்த இயேசு சபைக் குரு அவர். நம் நாட்டுக்கு வந்து, தமிழை முதலிலிருந்து படித்தார். திருக்குறளைப் படித்தார், சிந்தாமணியைப் படித்தார், கம்பனைப் படித்தார். படித்தவர் என்ன செய்தார்? குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனுக்குக் கொண்டுபோனார். 'இங்கே இப்படி ஒரு நூல் இருக்கிறது, பாருங்கள்' என்று தம் நாட்டாருக்குச் சொன்ன மாதிரி.

அதே கையால் நமக்கும் ஒன்று கொடுத்தார். ஸ்பெயின் நாட்டில் ஆக்ரெதா என்ற ஊரில் மடத்துக் கன்னியராக வாழ்ந்த மரியா, அன்னை மரியாவின் வாழ்வைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதியிருந்தார். வீரமாமுனிவர் அந்த நூலை விரும்பிப் படித்தவர். அதிலிருந்து எடுத்துக்கொண்ட செய்திகளைத் தமிழ்க் காப்பிய மரபில் வார்த்துத் தேம்பாவணி பாடினார். 36 படலங்கள், 3,615 பாடல்கள். பாட்டுடைத் தலைவர் நம் சூசையப்பர். ஒரு ஸ்பானியக் கன்னியர் எழுதியதை ஓர் இத்தாலியக் குரு படித்து, நம் கடலூர்ச் சீமை மக்களுக்குத் தமிழில் சொன்னார். தனக்குப் பிடித்தது தன்னோடு போகட்டும் என்று அவர் இருந்திருந்தால், தமிழில் சூசையப்பருக்குக் காப்பியம் ஏது?

சரி, அவர் பெரிய புலவர், நாங்கள் கரும்பு வெட்டுகிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள், நாங்கள் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். அப்படியானால் புனித அகுஸ்தினாரின் வீட்டுக்கு வந்துபோன ஒரு விருந்தாளியைப் பற்றிச் சொல்கிறேன்.

386ஆம் ஆண்டு, மிலான் நகரம். அகுஸ்தினாருக்கு அப்போது கல்வி இருந்தது, பெயர் இருந்தது, மனத்தில் அமைதி மட்டும் இல்லை. ஒருநாள் பொந்திசியானு என்ற அரண்மனை அலுவலர், தன் நாட்டுக்காரர் என்ற முறையில் பார்க்க வந்தார். பேசிக்கொண்டிருந்தபோது எதிரே மேசைமேல் ஒரு புத்தகம் கிடந்தது. சும்மா எடுத்துப் பிரித்தார். புனித பவுலின் திருமுகங்கள்! இதையா படிக்கிறீர்கள் என்று அவருக்கு ஆச்சரியம், மகிழ்ச்சி. அந்தப் புத்தகத்திலிருந்து பேச்சு கிளைவிட்டு, எகிப்துப் பாலைநிலத்தில் வாழ்ந்த ஒரு துறவியிடம் போனது. அவர் வேறு யாருமில்லை, ஜனவரி 17ஆம் தேதி நாம் திருநாள் கொண்டாடுகிறோமே, நம் வனத்து அந்தோணியார். அகுஸ்தினார் அதுவரை அவரைக் கேள்விப்பட்டதே இல்லை. டிரியர் நகரத்தில் அரச அலுவலர் இருவர் ஒரு குடிசையில் அந்தோணியாரின் வரலாற்று நூலைக் கண்டெடுத்து, அங்கேயே நின்று படித்து, அன்றே தங்கள் வாழ்க்கையை மாற்றிக்கொண்ட கதையைப் பொந்திசியானு சொன்னார், சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனபின் அகுஸ்தினாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோட்டத்துக்குப் போனார். எடுத்து வாசி என்று ஒரு குழந்தைக் குரல் கேட்டதும், பவுலின் திருமுகத்தைத் திறந்து கண்ணில் பட்ட வரிகளை வாசித்ததும் நமக்குத் தெரிந்த கதை. அதற்கு அடுத்து நடந்ததை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. படித்த இடம் தவறிவிடாதபடி அகுஸ்தினார் பக்கத்தில் விரலை வைத்து மூடினார். நண்பர் அலிப்பியுவிடம் வந்து நடந்ததைச் சொன்னார். அலிப்பியு, எங்கே, காட்டு என்றார். வாங்கிப் பார்த்தவர் அகுஸ்தினார் நிறுத்திய இடத்தோடு நிற்கவில்லை. அடுத்த வரியையும் படித்தார். நம்பிக்கையில் வலுவற்றவரை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் வரி அது. இது எனக்கு என்றார். இருவரும் அடுத்த ஆண்டு பாஸ்கா இரவில் ஒன்றாகத் திருமுழுக்குப் பெற்றார்கள்.

ஒரே புத்தகம், ஒரே பக்கம். ஒருவருக்கு ஒரு வரி, இன்னொருவருக்கு அதற்கடுத்த வரி. அகுஸ்தினார் புத்தகத்தை மூடிப் பையில் போட்டிருந்தால் அலிப்பியுவின் வரி அலிப்பியுவுக்குக் கிடைத்திருக்காது. இத்தனைக்கும் தொடக்கம் எது? விருந்தாளி ஒருவர் மேசைமேல் கிடந்ததைப் பிரித்துப் பார்த்தது. திருத்தொண்டர் பிலிப்பும் காசாவுக்குப் போகும் சாலையில், தேரில் உட்கார்ந்து எசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய அலுவலரிடம் முதலில் எதைப் பற்றிப் பேசினார்? அவர் படித்துக்கொண்டிருந்ததைப் பற்றித்தான்.

அன்பு மக்களே, இந்தக் கேள்வியைக் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஃபாதர் கேட்டால், "பைபிள்தான் ஃபாதர், வேற என்ன" என்று சொல்லிவிடுவீர்கள்! எனக்குத் தெரியும். அது வேண்டாம். உண்மையில் எது பிடித்திருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். ரமணிசந்திரன் கதையா? சொல்லுங்கள். ராஜேஷ்குமார் நாவலா? சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற 'தேன்சிட்டு' இதழா? தம்பி, தைரியமாகச் சொல். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துப் படித்துக் கண் வீங்கிப்போன பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். வரலாற்றுப் பாடத்தில் எந்த இடம் கதை மாதிரி இழுத்துக்கொண்டு போனது என்று அவர்கள் சொல்லலாம்.

திருத்தந்தை பிரான்சிஸ் இதைச் செய்து பார்த்தவர். 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம், இலக்கிய வாசிப்பைப் பற்றி ஒரு மடல் எழுதினார். குருமாணவர்களை மனத்தில் வைத்துத் தொடங்கி, பிறகு எல்லாக் கிறிஸ்தவர்களுக்குமாக அதை விரித்தார். அதில் தம் இளமைக்கால அனுபவம் ஒன்றைச் சொல்கிறார். 1964-65இல் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரில் ஓர் இயேசு சபைப் பள்ளியில் அவர் இலக்கிய ஆசிரியர். பாடத்திட்டத்தில் இருந்தது பழைய ஸ்பானிய வீரகாவியம். மாணவர்களுக்கு அது கசந்தது. கவிஞர் லோர்காவைப் படிக்கலாமா என்று கேட்டார்கள். அவர் அதட்டவில்லை. காவியத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள், வகுப்பில் உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர்களைப் பற்றிப் பேசுவோம் என்றார். பிடித்ததில் தொடங்கியவர்கள் போகப் போக மற்றதையும் தாங்களே தேடிப் படித்தார்கள். அம்மா அப்பாக்களே, பிள்ளை கையில் கதைப் புத்தகத்தைப் பார்த்ததும், "பாடத்தை விட்டுட்டு இது என்ன?" என்று பிடுங்குகிறோமே, அந்த நேரத்தில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது? இரண்டாம் வாசகம் அவர்களுக்காகவே இருக்கிறது. உடல் ஒன்று, உறுப்புகள் பல. கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்லமுடியாது என்கிறார் பவுல். படிக்கிற கண் ஒருவருக்கு, கேட்கிற காது ஒருவருக்கு. நம் ஊர்களில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ராகம்போட்டு வாசிக்க, தெருவே கேட்ட காலம் உண்டு.

வீடு மந்திரிக்கப் போன இடத்தில் அண்மையில் ஒரு காட்சி பார்த்தேன். கல்லூரியில் படிக்கிற பேத்தி, கண் மங்கிப்போன ஆயாவுக்குப் 'பொன்னியின் செல்வன்' வாசித்துக்கொண்டிருந்தாள். கல்கி 1950இல் அந்தத் தொடர்கதையை ஆரம்பித்தது எந்த இடத்தில்? ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது நம் வீராணம் ஏரிக் கரைமேல்தானே! ஆயா சட்டென்று நிறுத்தினார். "இரு இரு. இது நம்ம ஏரியா?" ஆமாம் ஆயா என்றாள் பேத்தி. அவ்வளவுதான், அதற்குப் பிறகு புத்தகம் மடியில் கிடந்தது. வடவாற்றில் புதுத்தண்ணீர் வரும்போது தாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தது, பதினெட்டாம் பெருக்குக்கு என்னென்ன சோறு கட்டிக்கொண்டு போனார்கள், எந்த மதகுப் பக்கம் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்று ஆயா சொல்லிக்கொண்டே போனார். பேத்தி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அன்று படிக்கத் தெரிந்தவள் கேட்டாள், படிக்கத் தெரியாதவர் சொன்னார். பவுல் சொல்கிற உடலை நான் அங்கே கண்டேன்.

பகிர்வதில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பெருமைக்காகச் சொல்லாதீர்கள். எத்தனை புத்தகம் முடித்தேன் என்ற கணக்கு ஆண்டவருக்கும் வேண்டாம், அடுத்தவருக்கும் வேண்டாம். லூக்காவைப் பாருங்கள். தமக்கு முன்பே பலர் இதை எழுத முயன்றிருக்கிறார்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் தாம் தேடி விசாரித்ததைத் தெயோபிலிடம் தருகிறார்.

இரண்டாவது, எல்லாப் புத்தகமும் நல்லது செய்யும் என்று நான் சொல்லவில்லை. இதில் நமக்கு வழிகாட்டி புனித இஞ்ஞாசியார். 1521இல் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு, கால் உடைந்து வீட்டில் படுக்கையில் கிடந்தார். படிக்கப் போர்வீரர்களின் சாகசக் கதைகள் வேண்டும் என்று கேட்டார். அந்த வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையையும் புனிதர்களின் வரலாறுகளையும் சொல்லும் நூல்களே இருந்தன. வேறு வழியில்லாமல் அவற்றைப் படித்தார். படுத்தபடியே ஒன்றைக் கவனித்தார். சாகசக் கனவுகள் அந்த நேரத்துக்கு இனித்தன, பிறகு மனம் வறண்டு போயிற்று. புனிதர்களைப் பற்றிய நினைவோ மூடி வைத்த பின்னும் மகிழ்ச்சியாக நின்றது. ஆகவே, புத்தகம் எப்படி இருந்தது என்று கேட்பதோடு, படித்த பிறகு மனம் எப்படி இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரக்கம் கூடியிருக்கிறதா, எரிச்சல் கூடியிருக்கிறதா?

உங்களைக் கேட்கிற நான் என் பங்கையும் சொல்லவேண்டும் அல்லவா? நான் இப்போது மறுபடி எடுத்திருப்பது இமையம் எழுதிய 'கோவேறு கழுதைகள்'. 1994இல் வெளிவந்த நாவல். எழுதியவர் நம் மாவட்டத்துக்காரர். 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமி விருது பெற்றவர். கதையின் நடுவில் நிற்கிற பெண்ணின் பெயர் ஆரோக்கியம். நம் பங்குப் பதிவேட்டில் எத்தனை ஆரோக்கியம் இருக்கிறார்கள்! இந்த ஆரோக்கியமும் மாதாவைக் கும்பிடுகிறவர்தான். ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற, அவர்களாலும் ஒதுக்கப்பட்ட குடும்பம். பிறப்புக்கும் சாவுக்கும் அவரைக் கூப்பிடாமல் அந்தக் காலனியில் எதுவும் நடக்காது. கூலியோ வீடு வீடாகப் போய் வாங்குகிற சோறும், களத்தில் அள்ளிப் போடுகிற தானியமும்.

இந்த நாவல் பிடித்திருக்கிறதா என்று கேட்டால், ஆம், பிடித்திருக்கிறது. அதே நேரத்தில் தூங்கவிடாமல் செய்கிறது. எஸ்ராவின் வாசிப்பைக் கேட்ட மக்கள் ஏன் அழுதார்கள் என்பது இதைப் படிக்கும்போது எனக்கு இன்னும் நன்றாக விளங்குகிறது. ஒன்றும் ஆக்கி வைக்காதவர்களுக்குக் கொடுத்தனுப்புங்கள் என்றார்களே, அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, அந்த வாசலில் நான் எப்படி நிற்கிறேன் என்று இந்தப் புத்தகம் என்னைக் கேட்கிறது. ஏழைகளுக்கு நற்செய்தி என்று நாசரேத்தில் இயேசு வாசித்தது இன்று இங்கே நிறைவேறவேண்டுமானால், ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிற நாம் ஒரே பந்தியில் உட்காரவேண்டும். படித்தவர் யாராவது இருந்தால் பூசை முடிந்ததும் வாருங்கள், பேசுவோம். நான் பார்க்காத வரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இந்த வாரத்துக்கு மூன்று காரியங்கள் சொல்கிறேன். செய்து பாருங்கள்.

ஒன்று, இன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது வீட்டில் ஒருவரையாவது, என்ன படிக்கிறாய், எந்த இடம் பிடித்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, புத்திமதி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். செல்பேசியில் படித்தாலும் சரி, காதில் மாட்டிக் கதை கேட்டாலும் சரி, அதுவும் படிப்புதான்.

இரண்டு, அன்பியக் கூட்டத்தில் இறைவார்த்தைப் பகிர்வு முடிந்தபின் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். 'நம் வாழ்வு', 'சர்வ வியாபி' இதழ்களில் படித்த கட்டுரையானாலும், வாரப் பத்திரிகைத் தொடர்கதையானாலும் சொல்லலாம். பெரியவர்கள் முதலில் சொன்னால் பிள்ளைகளுக்கு வாய் வரும்.

மூன்று, வீட்டு அலமாரியில் படித்து முடித்துச் சும்மா நிற்கிற புத்தகம் ஒன்றை அடுத்த ஞாயிறு எடுத்து வாருங்கள். முதல் பக்கத்தில் ஒரு சீட்டு வையுங்கள்: எந்தப் பக்கம் உங்களுக்குப் பிடித்தது, ஏன் பிடித்தது, இரண்டே வரி. கோயில் வராந்தாவில் ஒரு மேசை போட்டு வைப்போம். வேண்டியவர் எடுத்துப் படித்து, தங்கள் இரண்டு வரியையும் சேர்த்துத் திருப்பி வைக்கட்டும். மேசையைப் பார்த்துக்கொள்ள, நாசரேத்து ஏவலர் மாதிரி, இளையோரில் ஒருவர் முன்வரவேண்டும். மேசையில் இல்லாத புத்தகத்துக்குக் கிளை நூலகம் இருக்கிறது. நாம் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். ஆகவே அங்கே உள்ள புத்தகங்கள் நம்முடையவை, போய் எடுங்கள். ஜூலையில் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி வந்தால், வேன் ஏற்பாடு செய்து சேர்ந்து போவதையும் பங்குப் பேரவை யோசிக்கட்டும்.

தம் வார்த்தையை நமக்கு மனிதராகவே தந்த தந்தை, அவ்வார்த்தையைக் கேட்கிற காதையும், பெற்றதைப் பகிர்கிற வாயையும், இல்லாதவருக்குக் கொடுத்தனுப்புகிற கையையும் நமக்குத் தருவாராக. இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம். ஆமென்.